நாரத்தந்தோல் போட்ட கள்

இளையதம்பி போத்தலின் தக்கையைப் பல்லால் இழுத்தெடுத்தபோது, ஷெல் விழுந்து பாதிக் கூரை போன அந்தத் தவறணையில் வேறு குடிகாரர் ஒருவரும் இல்லை.

"உது அண்ணருக்கெல்லோ," என்றான் தவறணைக்காரன் கிறகோரி, வெறும் கள்ளுமுட்டியைக் கவிழ்த்துக் கழுவியபடி. "நாரத்தந்தோல் போட்டது. வருசத்துக்கு ஒரு முட்டிதான். இனி வாற மாசிக்குத்தான்."

"ஒரு வாய். புளிச்சுதோ எண்டு பாக்கிறன்."

அண்ணன் முத்துக்குமாரு மூன்று நாளாக இழுத்துக்கொண்டு கிடக்கிறார். பாலும் இறங்கவில்லை. காலையில் வாய் திறந்து கேட்டது இந்தக் கள்ளைத்தான். ஆசை தீர்ந்தால் சீவன் போகும் என்று அண்ணி பூரணம் இவனைச் சைக்கிளில் ஏற்றித் துரத்திவிட்டாள்.

குடித்தான். முதலில் இனிப்பு. பிறகு தோலின் கசப்பு நாக்கோரத்தில் மெல்ல ஏறி மூக்குக்குள் மணத்தது. ஐம்பத்தெட்டு வயதில் இதுதான் முதல் தடவை. மாசிக்கு மாசி இதே வாங்குப் பலகையில் இருந்து மேலே தெளிந்த கள்ளை அண்ணன் குடிப்பார். பனையோலைப் பிளாவின் அடியில் மிஞ்சிய மண்டியை இவனிடம் நீட்டுவார். "உவனுக்கு உது காணும். தெளிவு என்னத்துக்கு?" சனம் சிரிக்கும். இவனும் சேர்ந்து சிரிப்பான். ஊர் அதைப் பாசம் என்று சொன்னது.

இன்னொரு வாய். அதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை.

"சாகிற மனிசன்ரை வாயிலையிருந்து பறிச்சுப்போட்டியள்," என்றான் கிறகோரி.

"அந்தாளுக்கு நாக்குச் செத்துப்போச்சு. நேற்றையக் கள்ளின்ரை மண்டி கிடந்தால் போத்தலிலை நிரப்பு."

வீட்டில் பூரணம் கரண்டியால் பருக்கினாள். முத்துக்குமாருவின் தொண்டை ஒரு தரம் அசைந்தது. கண் திறந்தார்.

"தோல் இல்லை."

"போட்டதுதான் அண்ணை. உங்களுக்குத் தெரியேல்லை."

"கிட்ட வா."

குனிந்தான்.

"ஊது."

பூரணம் கரண்டியோடு நின்று பார்த்தாள். வழியில்லை. ஊதினான். முத்துக்குமாரு கண்ணை மூடிக்கொண்டு அதை நெஞ்சு நிறைய இழுத்தார்.

"இப்ப காணுமோடா?"

மத்தியானத்துக்கு முன் எல்லாம் முடிந்தது. பூரணம் அழுவதற்கு முதல், போத்தலில் மிஞ்சியதை ஒரு கிளாசில் வார்த்து இவன் முன்னால் வைத்தாள்.

மறுநாள் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். நாடிக்கட்டை அவிழ்த்ததும் பிணத்தின் வாய் கொஞ்சம் திறந்தது. இளையதம்பி உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தான். மூன்று தரம் அரிசி போட்டான். நிமிர்ந்து, சனத்தை விலக்கி, படலை தாண்டிய பிறகுதான் மூச்சை விட்டான்.