கட்டிலுக்கு அடியில் ஒரு காப்பகம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பழைய ஆவணங்களையெல்லாம் போர்ட் பிளேயரில் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் வேலையை 1973-இல் என் வீட்டுக்காரர் பக்தவத்சலம் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. யாரும் வேண்டாம் என்று தள்ளியதை இவர் வலியப் போய்க் கேட்டு வாங்கினார். சர்க்கார் ஓர் அறையும் ஓர் அலமாரியும் ஒரு வருஷ அவகாசமும் கொடுத்தது. வருஷ முடிவில் டில்லியிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார். அலமாரி நிறைந்திருந்தால் காப்பகம் நிலைக்கும். இல்லாவிட்டால் அறை சிமெண்ட் குடோனாகிவிடும், இவருக்கு மெட்ராஸுக்கு மாற்றலாகும்.

அலமாரி காலியாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எட்டு வருஷமாக மழை, அட்டைப்பூச்சி, வராத கப்பல். மயிலாப்பூரில் என் தங்கை வாசலில் நின்று கீரைக்காரியோடு பேரம் பேசுகிறாள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

வேண்டுதல் பலிப்பது போலத்தான் இருந்தது. பழைய காகிதங்களைக் காப்பகத்தில் ஒப்படைக்கும்படி இவர் ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டினார். இங்கே குடியேறியவர்களுக்கு நிலம் கொடுத்ததே சர்க்கார்தான். கொடுத்த சர்க்கார் காகிதத்தைத் திருப்பிக் கேட்டால் அடுத்து எதைக் கேட்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இவருக்கு மட்டும் தெரியவில்லை. வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூருக்குக் கப்பலேறிப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, யாரோ பரிதாபப்பட்டுக் கொடுத்த ஒரு பழைய காலண்டரோடு திரும்பி வந்தார்.

அதே கப்பலில்தான் ஜம்புலிங்கமும் வந்தார். திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருப்பவர். மெயின்லேண்ட் கப்பலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்குவார். அவர் என்ன, வடக்கிலிருந்தும் நிக்கோபாரிலிருந்தும் வருகிற பாதிப் பேருக்கு எங்கள் வீடுதான் சத்திரம். அவர்களுக்கு ரசம் வைத்தே என் கை தேய்ந்தது. கப்பலேறும்போது பெட்டியையும் மூட்டையையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

ஜம்புலிங்கத்துக்கு இடுப்புப் பிடிப்பு. அவருடைய தகரப் பெட்டியைச் சாத்தம் கப்பல்துறையிலிருந்து தூக்கி வந்தது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர். உள்ளே பாக்கு என்று நினைத்தாராம்.

இவர் குளிக்கப் போனதும் ஜம்புலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, இது பூரா காகிதம். பத்திரமா வச்சுக்குங்க. சர்க்கார் ஆளு ஒருத்தர் வாங்கிட்டுப் போக அலையிறாரு.”

“அந்த ஆளுதானே உள்ள குளிக்கிறாரு?”

“சார் தங்கமானவரு. ஆனா சார் சர்க்கார். நீங்க அப்படியா?”

அவரோடு நிற்கவில்லை. நிக்கோபார் பக்கம் கட்சால் தீவிலிருந்து இந்திராணி வந்தாள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். “அக்கா, ஒரு நாட்டுல எங்க பேர வெட்டிட்டாங்க. இந்தக் காய்தமும் போச்சுன்னா நாங்க பொறந்ததுக்கே சாட்சி இல்லீங்க” என்று ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தாள். பிறகு இங்கே குடியேறிய வங்காளிகள் வந்தார்கள். “தீதி, ரக் லோ”, அக்கா வைத்துக்கொள் என்று வைத்துவிட்டுப் போனார்கள். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் நுழைய இடமில்லை. அந்தக் கட்டிலில் மத்தியானம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இவர், “இந்தத் தீவுல ஒருத்தர்கிட்டயும் ஒரு துண்டுக் காகிதம் இல்ல மங்கை” என்று பெருமூச்சு விடுவார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நம்பிக் கொடுத்ததைக் காட்டிக்கொடுக்கலாமா? மெட்ராஸுக்கும் போகலாம். நியாயமும் ஆசையும் ஒரே பக்கம் நிற்பது எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

டில்லி அதிகாரி வந்தார். பெயர் ஜெகநாதன், நம் ஊர்க்காரர்தான். அலமாரியில் இருந்த காலண்டரைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார்.

“விடுங்க சார்” என்று இவரைத் தேற்றினார். “ஜெயிலை விட்டா இங்க என்ன ஹிஸ்டரி? மத்ததெல்லாம் பிழைக்க வந்த கும்பல். நேத்து வந்தவனுக்கு ஏது வரலாறு? பேசாம மெட்ராஸ் வந்துடுங்க.”

மெட்ராஸ் என்ற சொல் என் காதில் விழத்தான் செய்தது. அதற்குள் கோபம் தலைக்கேறிவிட்டது. டம்ளரை அவர் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு, உள்ளே போய்த் தகரப் பெட்டியை இழுத்து வந்து திறந்தேன்.

“இது... பாக்கு இல்லையா?” என்றார் என் வீட்டுக்காரர்.

மேலேயே இருந்தது, ஜம்புலிங்கம் எனக்குப் பிரித்துக் காட்டியிருந்த படம். காடு வெட்டிய முதல் வருஷம் அவருடைய அப்பா சிமெண்ட் பைக் காகிதத்தில் வரைந்தது. யார் குடிசை எங்கே, நல்ல தண்ணீர் எங்கே என்று குறித்திருந்தார். ஓடையோரம் சின்னச் சின்ன வட்டங்கள். அதிகாரி விரலை நீட்டினார்.

“தொடாதீங்க. பாருங்க, போதும்” என்றேன். “அது முதல் மழையில காய்ச்சல்ல போன பிள்ளைங்க. புதைச்ச இடம். ஒண்ணு ஜம்புலிங்கத்தோட தம்பி.”

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். “இதெல்லாம் யாருதும்மா?”

“எங்களுது.”

என் வாயிலிருந்துதான் வந்தது. அதுவரை நான் அவர்களை ‘இந்தத் தீவுக்காரர்கள்’ என்றுதான் சொல்லி வந்தேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

உடையவர்கள் மனசாரக் கொடுத்தால் காப்பகத்தை நிரந்தரமாக்குவதாக அதிகாரி சொன்னார். கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. மெயின்லேண்டிலிருந்து திரும்பிய ஜம்புலிங்கத்திடம் நடந்ததைச் சொன்னேன். அனுமதி கேட்காமல் பெட்டியைத் திறந்ததற்குக் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“சாருக்கு மாத்தல் வரும், அப்புறம் வேற ஒருத்தர் வருவாரு. அவர யாருக்குத் தெரியும்? நீங்க இங்கயே இருப்பீங்களா அக்கா? இருக்கேன்னு சொல்லுங்க, தர்றேன்.”

என் வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷருக்கு என்னைக் கெஞ்சக்கூடத் தெரியாது.

“இருப்பேன்” என்றேன்.

ஜம்புலிங்கம் பெட்டியை இவர் பக்கம் தள்ளினார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். துக்கமா என்று கேட்டால் ஆமாம். சந்தோஷமா என்றால் அதுவும்தான்.