நோன்பு திறக்க நிற்கும் ரயில்

ஹம்தி குவைத்திலிருந்து லீவில் வந்துவிட்டால் ஊருக்கே கதை சொல்லித் தீர்ப்பான். அவன் கதைகளில் அக்கா சனிய்யாவால் காதுகொடுத்துக் கேட்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். ஐந்து வயதில் அவன் தண்டவாளத்தில் நின்றபோது அவனுக்காகவே ரயில் நின்ற கதை. முப்பத்தைந்து வருடமாகச் சொல்கிறான். அவன் ஆரம்பித்ததுமே அவள் ஏதாவது சாக்குச் சொல்லிச் சமையலறைக்குள் புகுந்துகொள்வாள்.

இன்றைக்கு ஒளிந்துகொள்ளச் சமையலறை இல்லை. ரமலான் மூன்றாம் நாள் அந்தியில் ஊர்ச் சனத்தோடு ரயில்வே கேட் ஓரமாக நின்றிருந்தார்கள். கையில் பேரீச்சம்பழப் பொட்டலங்கள், புளிச் சர்பத் பைகள். சாயங்கால வண்டிக்குத் தாமதமாக வருவதுதான் பிழைப்பு. அது இங்கே வந்து சேரும்போது நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கும் சொல்லியாகிவிடும். பயணிகள் பட்டினியாக இருப்பார்களே என்று ஓட்டுநர் கேட் அருகில் இரண்டு நிமிடம் நிறுத்துவார். ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாக நோன்பு திறக்கக் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ ஓட்டுநர்கள் மாறிவிட்டார்கள், இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஹம்தியின் மகள் லுஜைனுக்கு ஆறு வயது. ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. பெட்டிக்கடையில் பொறுக்கிய சோடா மூடிகளை ஹம்தி அவள் உள்ளங்கையில் கொட்டினான்.

"இதைத் தண்டவாளத்துல வச்சா வண்டி ஏறித் தகடாயிடும். ரெண்டு ஓட்டை போட்டு நூல் கோத்து இழுத்தா விர்ர்ருனு சுத்தும் பாரு!"

"டேய், பிள்ளை இங்க நின்னு பழம் குடுத்தாப் போதாதா?" என்றாள் சனிய்யா.

"ஆரம்பிச்சுட்டா! இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானேக்கா?"

ஆமாம், அவளேதான். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இதே போல ஒரு ரமலான் அந்தியில் ஏழு மூடிகளை வரிசையாக வைத்தாள். கடைசி மூடி சரிந்து கீழே விழுந்தது. மறுபடி ஏறிப்போகச் சோம்பல். "நீ போய் எடுத்து வைடா. பாங்கு சொல்லாம வண்டி வராது, வந்தாலும் நின்னுடும்" என்று தம்பியை விரட்டினாள். ஒரு நாளும் இல்லாத திருநாளாக அன்றைக்கு வண்டி சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது. பாங்கு சொல்லவில்லை. நோன்பு திறக்கும் நேரம் ஆகாதபோது ஓட்டுநர் எதற்கு நிறுத்தப்போகிறார்? ஊதல் சத்தத்தில் சிறுவன் நின்ற இடத்திலேயே உறைந்துபோனான். அவள் ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஜல்லிமேட்டில் உருண்டார்கள். தலைக்கு மேலே வண்டி முழுவதும் தடதடவென்று போனது. வேகம்கூடக் குறையவில்லை.

ரயிலைவிட அம்மாவிடம்தான் அவளுக்குப் பயம் அதிகம். பேச்சு மூச்சில்லாமல் கிடந்த தம்பியின் காதில், "வண்டி நின்னுடுச்சுடா, உன்னைப் பார்த்ததும் நின்னுடுச்சு" என்றாள். ஒரு வாரம் படுக்கையில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எட்டாம் நாள் அவன் சிரித்தான். அதற்குப் பிறகு அந்த வண்டி நின்ற வண்டிதான். அம்மா இறந்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

தூரத்தில் ஊதல் கேட்டது. பாங்கு இன்னும் சொல்லவில்லை.

"அப்பா, ரயில் வருது," என்று லுஜைன் தயங்கினாள். நாலு எட்டு வைத்தால் தண்டவாளம்.

"ஓடு, ஓடு, வச்சுட்டு வந்துடு! அப்பாவுக்காக நின்ன வண்டி உனக்கு நிக்காதா?"

குழந்தை குனிந்து மூடிகளை ஒவ்வொன்றாக, நிதானமாக அடுக்கத் தொடங்கியது. ஒன்று சரிந்தது. எடுத்து மறுபடி வைத்தது. சனிய்யா பொட்டலங்களைப் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது வீரிட்டு அழுதது. ஜல்லியில் முழங்கால் சிராய்ந்து இரண்டு பேரும் விழுந்தார்கள்.

வண்டி மெதுவாக, பெருமூச்சு விட்டபடி வந்து நின்றது. கூடவே பாங்கும் ஒலித்தது. ஜன்னல்களில் கைகள் முளைத்தன. ஊர்ப் பிள்ளைகள் பைகளோடு ஓடினார்கள்.

ஹம்தி விழுந்து விழுந்து சிரித்தான். "நின்னுச்சா இல்லையா? சரியான பயந்தாங்கொள்ளிக்கா நீ! பிள்ளை கையை ஒடிச்சிருப்பியே!" மகளைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டான். "அழாதடா தங்கம். நாளைக்கு அத்தையை வீட்டுல விட்டுட்டு நாம ரெண்டு பேர் மட்டும் வரலாம்."

நாளைக்கு. நாளை மறுநாளும் வருவான். பெருநாள் முடியும்வரை அவன் ஊரில்தான் இருப்பான். இன்றைக்கு வண்டி நின்று அவன் கதையை மெய்யாக்கிவிட்டதே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஹம்தி, அன்னைக்கு வண்டி நிக்கலைடா."

"எந்த வண்டி?"

"உன் வண்டி. நிக்கவே இல்லை. நான்தான் உன்னை இழுத்துப் போட்டேன். அது பாட்டுக்குப் போயிடுச்சு. நின்னுச்சுன்னு உன் காதுல ஓதினது நான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தண்டவாளத்தையும் மகளின் சிராய்த்த முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அஞ்சு வயசுப் பய நான். தனியா எதுக்கு அங்க போனேன்?"

அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"நான்தான் போகச் சொன்னேன். மூடி விழுந்துடுச்சு. எனக்குச் சோம்பலா இருந்தது."

வண்டி கிளம்பியது. சுற்றிலும் எல்லோரும் பழத்தை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சனிய்யா கீழே சிதறியதில் ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்து, "இந்தாடா கண்ணு" என்று லுஜைனிடம் நீட்டினாள். குழந்தை அழுகையை மறந்து அவளிடம் தாவப் பார்த்தது.

ஹம்தி அக்காவின் கைக்கு எட்டாதபடி மகளை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டான்.