தமிழ்மதியின் எடை

எரியோடு ஊர்ப் பெருமாள்சாமியின் மகள் தமிழ்மதி, நாலு வயது நடக்கும்போது, 'அ' என்ற எழுத்தைத் தெரிந்துகொண்ட அன்றே தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டாள். சின்ன வெங்காயம் விலை இறங்கிக் கிடந்த மாசி மாதம் அது. அதனால் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை, வெங்காயத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மா புவனேஸ்வரி முறத்தில் கேப்பை மாவைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதிக் காட்டியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கையை உதறிக்கொண்டு தானாகவே எழுதியது. எழுதிவிட்டு எழுந்து நின்றபோது பாதத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே ஓர் எறும்பு தாராளமாகப் போனது. புவனேஸ்வரி குனிந்து பார்த்தாள். தரைதான் பள்ளம் என்று முதலில் நினைத்தாள். அந்தத் தரையைப் போட்ட கொத்தனாரை அவள் ரொம்ப நாளாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கன்வாடி டீச்சர் ஏஞ்சலின் அம்மாமார் கூட்டத்தில் ஒன்று சொல்லியிருந்தார். படிப்புக்கென்று கடையில் எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் கிடப்பதை வைத்தே பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று. மற்ற அம்மாக்கள் தலையாட்டிவிட்டுச் சத்துமாவுப் பாக்கெட்டோடு கிளம்பிவிட்டார்கள். புவனேஸ்வரி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளை எட்டாம் வகுப்போடு நிறுத்தி நூல் மில்லுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு எடுத்து வைக்கச் சொன்னாள். குக்கர் விசிலை எண்ணச் சொன்னாள். வெங்காயத்தைப் பொடி, நடுத்தரம், பெரிசு என்று பிரிக்க வைத்தாள். திண்டுக்கல் பஸ் போகும்போது போர்டில் தெரிந்த எழுத்து ஏதும் இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. சித்திரையில் முழங்கால் உயரம் வந்துவிட்டது. உப்பு ஜாடியைத் தானே எடுத்துக் கொடுத்தது, அலமாரியின் மேல்தட்டில் இருந்த பாத்திரத்தை இறக்கித் தந்தது. செருப்புத் தேயவில்லை, அது ஒரு லாபம்.

பெருமாள்சாமிக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவர் திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் எடை போடுகிறவர். எந்தப் பொருளும் தட்டில் வைத்தால் கீழே இறங்க வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். ஆடி பிறந்ததும் எங்கள் பக்கத்துக் காற்றைச் சொல்ல வேண்டுமா, தகரக் கூரையையே தூக்கிக்கொண்டு போகும். "இம்புட்டுப் புள்ளைய அது விட்டு வைக்குமாடி?" என்று கேட்டார். மின்னணுத் தராசு வந்த பிறகு கட்டிலுக்கடியில் சும்மா கிடந்த இரும்பு எடைக்கற்களை எடுத்து, பிள்ளையின் இடுப்பில் துணியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். எடை போடுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? பிள்ளை சத்தமில்லாமல் தரைக்கு வந்தது. அவரும் நிம்மதியாகச் சட்டையை மாட்டினார். ஆனால் எடைக்கல்லில் எண் இருக்கிறதே, அந்த மனுஷன் அதை யோசிக்கவில்லை. தமிழ்மதி துணியை விலக்கிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். "அப்பா, அஞ்சும் ரெண்டும் ஏழு!" என்று கத்திக்கொண்டே எடைக்கற்களோடு கூரை வரைக்கும் போய் மின்விசிறியைப் பிடித்துக்கொண்டாள். நல்ல வேளை, அப்போது கரண்டு இல்லை.

அன்றைக்குப் புவனேஸ்வரியும் பயந்துவிட்டாள். புருஷன் பெண்டாட்டி இருவரும் கூடிப் பேசி, பிள்ளைக்கு இனி எதுவும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சொல்லுவது லேசு, செய்து பார்த்தால்தான் தெரியும். காலண்டரைத் திருப்பி மாட்டினார்கள். சோப்பை உறையைக் கிழித்துவிட்டு வைத்தார்கள். குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, சத்தம் போடாத சட்டியில் பருப்பை வேக வைத்தார்கள். தட்டை அம்மாவே எடுத்து வைத்தாள். 'இது என்னம்மா?' என்று பிள்ளை கேட்டால், 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிப் பழகினாள். பிள்ளை தினமும் கேட்டது, பிறகு எப்போதாவது கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஆவணி முடிவதற்குள் பாதம் தரையில் பட்டுவிட்டது. பெருமாள்சாமி சந்தோஷத்தில் பேட்டையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அது தரையோடு நிற்கவில்லை. புரட்டாசியில் பிள்ளைக்குப் பாரம் ஏறத் தொடங்கியது. உடம்பு அதே சின்ன உடம்புதான், குச்சிக் கைதான். படுத்தால் நைலான் கட்டில் அறுந்தது. நடந்தால் சிமெண்டில் பாதம் பதிந்தது. இன்றைக்கும் அந்த வீட்டில் பார்க்கலாம். ஐப்பசி மழையில் ஒரு காலை, குளிக்க வைப்பதற்காகப் புவனேஸ்வரி பிள்ளையை இடுப்பில் எடுக்கப் போனாள். முடியவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபடி முயன்றாள். பிள்ளை அசையவில்லை, அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தது. இரண்டு தோளிலும் வெங்காய மூட்டை சுமக்கிற பக்கத்து வீட்டுச் சேவியரைக் கூப்பிட்டார்கள். அவரும் மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாலயும் ஏலலக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற பிள்ளையை இடுப்பில் எடுக்க முடியவில்லை என்றால் அதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு உண்டா? எழுதும்போதே மனசு கேட்கமாட்டேன் என்கிறது. புவனேஸ்வரி பிள்ளை பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் எழுந்து பரணிலிருந்து குக்கரை இறக்கினாள். பெருமாள்சாமிக்குப் புரிந்துவிட்டது. "பறந்து போயிருச்சுன்னா என்னடி செய்வ?" என்று குறுக்கே நின்றார். "பறந்தாப் பாத்துக்கிருவோம். எம் புள்ளைய என்னால தூக்க முடியலங்க" என்றாள் அவள். அவர் வழி விட்டுவிட்டார். புவனேஸ்வரி பருப்பைப் போட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். முதல் விசிலுக்குப் பிள்ளை திரும்பக்கூட இல்லை. அடுத்ததற்கு உதடு அசைந்தது. அதற்கடுத்ததற்கு, தொண்டை கட்டினதுபோல, "மூணு" என்றது. பருப்பு கூழாகிவிட்டது, புவனேஸ்வரி அடுப்பை அணைக்கவில்லை. விசில் வரவர இரண்டு பேரும் சேர்ந்தே எண்ணினார்கள். பிறகு அவள் பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வந்துவிட்டது. தமிழ்மதி அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெருமாள்சாமி போய்க் காலண்டரை மறுபடி நேராக மாட்டினார்.

கார்த்திகையில் மழை விட்டு வானம் தெளிந்திருந்த ஒரு மத்தியானம், தமிழ்மதி வாசலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே உயர்ந்தாள். முருங்கையைத் தாண்டினாள், தென்னையைத் தாண்டினாள். புவனேஸ்வரி கையில் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தாள். மேலே போவதற்கு இத்தனை சொல்லிக்கொடுத்தோமே, இறங்குவதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெருமாள்சாமி கிணற்றுக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எறிந்து பார்த்தார், அது தென்னையின் பாதிக்குக்கூட எட்டவில்லை. பிள்ளை ஊர்த் தண்ணீர் டேங்குக்கு மேலே ஒரு புள்ளியாகத் தெரிந்தது. தெருவே கூடிவிட்டது. புவனேஸ்வரி தட்டைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

செத்த நேரம் கழித்து அந்தப் புள்ளி பெரிசானது. தமிழ்மதி தலை கலைந்து, மூச்சு வாங்க, அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"அம்மா, டேங்கு உச்சியில பேரு எழுதிருக்கும்மா!"

"யாரு பேருடி?"

"முழுசாப் படிக்கல. ஒங்கிட்டச் சொல்லணும்ல, அதான் ஓடியாந்துட்டேன்."

புவனேஸ்வரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்து, வேர்த்த கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஒரு வாய் சோறு ஊட்டினாள். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, கையை விட்டாள்.

"போ, போயி முழுசாப் படிச்சுட்டு வா. சோறு ஆறுது."

தமிழ்மதி கிளம்பினாள். பெருமாள்சாமி தட்டை ஈ மொய்க்காமல் மூடி வைத்தார். கூட்டமும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.