ஜெனிஸ்ரா இன்னும் இரண்டாவதாகத்தான் வருகிறாள்

1

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது.

சென்ற ஆண்டு தலைமன்னார்க் கடற்கரையில் நடந்த மோட்டார் சைக்கிள் மணற்பந்தயத்துக்கு ஒலிபெருக்கி அறிவிப்பாளன் நான். மற்ற நாட்களில் மன்னார் ரவுனில் ஒரு கந்தோரில் குமாஸ்தா, காணி உறுதிப் பத்திரங்களைப் பிரதி எடுப்பவன். குரல் கொஞ்சம் கனமானது என்பதால் பெருநாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பந்தயம் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினைந்து சுற்று, பதினான்கு பேர். முதலாம் சுற்றில் "முன்னால் கஜீபன், அவருக்குப் பின்னால் ஜெனிஸ்ரா" என்றேன். இரண்டாம் சுற்றிலும் அதையே சொன்னேன். ஆறாம் சுற்றில் குரலை ஏற்றி இறக்கிச் சொல்லிப் பார்த்தேன். பத்தாம் சுற்றில் சனத்தில் பாதி ஐஸ்கிறீம் விற்கும் வானடிக்குப் போய்விட்டது.

பதினோராம் சுற்றில், தாழம்புதருக்குப் பின்னால், பரணில் நிற்கும் எனக்கு மட்டுமே தெரிகிற வளைவில் அவர்கள் இருந்தபோது, "ஜெனிஸ்ரா முந்திவிட்டார்" என்று அறிவித்தேன். ஜெனிஸ்ராவின் தாய் புஸ்பம் சீனவெடி கொளுத்தினார். வெடி முடிவதற்குள் மோட்டார் சைக்கிள்கள் புதரைச் சுற்றிக்கொண்டு வந்தன. முன்னால் கஜீபன். பின்னால் ஜெனிஸ்ரா.

[ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நான்காம் பகுதி வரை சொல்லமாட்டேன். கதை எழுதுகிறவனுக்கு வேறு என்ன சலுகை இருக்கிறது.]

2

தொடக்கங்கள் சில எழுதினேன். மறைக்காமல் காட்டுகிறேன்.

"கடல் அன்று அமைதியாக இருந்தது." மன்னாரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கடலை அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள். அது யார் சொல்லையும் கேட்பதில்லை. வெட்டினேன்.

"மோட்டார் பந்தயங்களில் முந்துதல் அருகிவருவதற்கு அறிஞர்கள் மூன்று காரணங்களை" என்று ஒன்று. இது கட்டுரை. அத்தோடு எனக்கு அறிஞர் ஒருவரையும் தெரியாது, கராஜ் வைத்திருக்கும் நஸார் நானாவைத் தவிர.

"ஜெனிஸ்ரா ஹெல்மெற்றைக் கழற்றித் தன் நீண்ட" என்று இன்னொன்று. அடுத்த சொல் கூந்தல் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பவள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். ஜெனிஸ்ராவுக்கு இருபத்தைந்து வயது. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு தலைமன்னாருக்குத் திரும்பியவள். ரவுனில் உதிரிப்பாகக் கடையில் வேலை. கஜீபன் அவளுடைய மாமன் மகன், அவளைவிட மூன்று வயது மூத்தவன். எங்கள் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவரைக் கொழும்பில் ஓர் அணி ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுக்கும். மாதச் சம்பளம், நல்ல மோட்டார் சைக்கிள், நாடு முழுக்கப் பந்தயம். மூன்று வருடமாக அந்த ஒப்பந்தம் கஜீபனிடம். மூன்று வருடமாக ஜெனிஸ்ரா இரண்டாவது. புதியவர்களை இருபத்தைந்து வயது வரைதான் எடுப்பார்கள். இந்த வருடம் விட்டால் அவளுக்கு உதிரிப்பாகக் கடைதான்.

சென்ற வருடம் வந்த வரிசையில்தான் இந்த வருடம் நிற்பார்கள். முன்னால் நிற்பவன் முன்னாலேயே முடிப்பான். எங்கள் பந்தயத்தின் அழகு அது.

3

மோட்டார் பந்தயத் தலைமைச் சங்கத்திலிருந்து எங்கள் செயற்குழுவுக்குக் கடிதம் வந்தது. மன்னாரில் ஒருவரும் ஒருவரையும் முந்துவதில்லை, இப்படியே போனால் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். உடனே நஸார் நானாவின் கராஜில் கூட்டம் போட்டோம். நானா தலைவர். நான் செயலாளர், பேனை வைத்திருந்ததால்.

"வெண்டவன் கடைசியில நிக்கட்டும், தோத்தவன் முன்னுக்கு நிக்கட்டும்" என்றார் நானா. "பிறகு முந்தாமல் என்ன செய்யிறது?"

அருமையான யோசனை. அப்படியென்றால் வரிசையைப் புதிதாகத் தீர்மானிக்க ஒரு பரீட்சார்த்த ஓட்டம் வேண்டும். வைத்தோம். அதில் கடைசியாக வந்தால் பந்தயத்தில் முதலில் நிற்கலாம் என்பது பதினான்கு பேருக்கும் விளங்கியிருந்தது. பதினான்கு மோட்டார் சைக்கிள்களும் ஊர்வலமாக நகர்ந்தன. பெரியமடுவிலிருந்து வந்த ஒருவர் அசையாமல் நின்றே சமநிலை தவறி விழுந்தார். என் அறிவிப்பு வாழ்க்கையில் அதுபோல நீண்ட பிற்பகல் வேறு இல்லை.

அடுத்தது என் யோசனை. [இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் பொய்யோடு தொடங்கிய கதையில் இதை ஒளித்து என்ன.] ஒவ்வொரு முந்தலுக்கும் ஒரு புள்ளி. ஒத்திகையில் அடம்பன் பக்கத்து இருவர் ஒரே சுற்றில் இருபத்திரண்டு தடவை ஒருவரை ஒருவர் முந்தினார்கள். ஒருவர் போவார், மெதுவாவார், மற்றவர் போவார், மெதுவாவார். வரும் வழியில் தேநீர்க் கடையில் இருந்து பேசி முடித்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை கட்டியது.

"உன்ர திட்டம் நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி" என்றார் நானா. "பந்தயத்தைத்தான் காணேல்ல."

4

இனி அந்தப் பொய்.

கந்தோர் ஜன்னலில் ஒருநாள் ஜெனிஸ்ரா வந்து நின்றாள். உறுதிப் பிரதி எடுக்க வந்தவள் என்று நினைத்துப் படிவத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அண்ணை, போன வருசம் நான் முந்தினதெண்டு ஏன் சொன்னனீங்கள்? அம்மா வெடியெல்லாம் கொளுத்தி, சனம் பார்த்துச் சிரிச்சது."

"நான் கண்டதைத்தான் சொன்னனான்" என்றேன். "கஜீபன் கை காட்டினவன்."

வெளியூர் வாசகருக்கு இதை விளக்கவேண்டும். தலைமன்னார் வீதியில் இரண்டு பக்கமும் மணல். பின்னால் ஒரு வாகனம் வந்து ஹோர்ன் அடித்தால், முன்னால் போகிறவர் இடப்பக்கம் ஒதுங்கி, வலக்கையை நீட்டிப் "போ" என்று அசைப்பார். அதற்குச் சைட் கொடுப்பது என்று பெயர். கொடுத்தால் போகவேண்டும். போகாவிட்டால் அடுத்த சந்தியில் நிறுத்தி, வாகனத்துக்கு ஏதும் பிழையோ என்று விசாரிப்பார்கள். அன்று புதருக்குப் பின்னால் கஜீபன் ஒதுங்கிக் கையை அசைத்தான். கையைக் கண்ட உடனேயே என் வாய் அறிவித்துவிட்டது. கை காட்டிய பிறகு போகாத ஒருவரை நான் இந்தத் தீவில் கண்டதில்லை.

"கை காட்டினவர்தான்" என்றாள் ஜெனிஸ்ரா. "நான் பிரேக் பிடிச்சனான்."

"ஏன் பிள்ளை?"

"சைட் தந்து போறதுக்கு நான் என்ன அம்புலன்ஸோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"மூண்டு வருசமா அவருக்குப் பின்னால ஓடுறன். நான்தான் வேகமோ, இல்லாட்டி அவரோ எண்டு எனக்கே தெரியாது அண்ணை. அது தெரியாமல் கொழும்புக்குப் போய் என்ன செய்யிறது? அங்க ஆர் கை காட்டப் போகினம்?"

போகும்போது திரும்பிப் பார்த்தாள். நான் கதை எழுதுவது எங்கள் கடைத்தெருவுக்கே தெரிந்த விஷயம்.

"என்னைப் பற்றி எழுதுறதெண்டால் எழுதுங்கோ. ஆனால் பந்தயத்துக்கு முன்னம் என்னை வெல்லவைச்சு எழுதிப்போடாதேங்கோ."

5

கஜீபன் என்ற பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. முதற்பிரதியில் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, நக்கலாகச் சிரிக்க வைத்து, "போனால் போ எண்டு விட்டனான், பாவம்" என்று சொல்ல

இல்லை. அவன் அப்படிச் சொல்லவே இல்லை. நான் போய்க் கேட்டபோது தன் லொறியின் கீழே படுத்துக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தான். பந்தயத்தை விட்டபிறகு ஓட்டுவதற்கென்று வாங்கிய பழைய லொறி.

"கதையில என்னை என்ன மாதிரி எழுதியிருக்கிறியள்?" என்றான்.

"கெட்டவனாக."

"அது நல்லம்" என்றபடி வெளியே ஊர்ந்து வந்தான். கையைத் துடைத்துக்கொண்டான். "அண்ணை, அவளின்ர எஞ்சின் சத்தம் மூண்டு வருசமா என்ர காதுக்குப் பின்னால கேக்குது. எந்த வளைவில அவள் கிட்ட வாறாள் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில இறுகின மணல் ஒராள் போற அளவுக்குத்தான். என்னை முந்த வெளிக்கிட்டால் பூ மணலுக்குள்ள இறங்கவேணும். அந்த வேகத்தில இறங்கினால் விழுவாள். அதுதான் கை காட்டினனான். பிழையோ?"

 முதற்பிரதியைக் கிழித்தேன். அவன் நல்லவனாகப் போய்விட்டான். கெட்டவன் இல்லாத கதையை எப்படி ஓட்டுவது என்ற கவலை எனக்கு.

6

கதையை ஓட்டியவர் ஜெனிஸ்ராவின் தாய் புஸ்பமக்கா.

மூன்றாம் கூட்டத்தின்போது நஸார் நானா வீட்டுக்குக் கருவாடு கொடுக்கக் கராஜுக்கு வந்தவர், நாங்கள் பலகையில் வரைந்திருந்த பாதையைப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கு ஓடவிடுறியள்?"

"வழமைபோல பத்துக்கு அக்கா. பௌர்ணமிப் போயா லீவில. பிரதம விருந்தினர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பவேணுமல்லோ."

புஸ்பமக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"போயாவில காலமை பத்து மணிக்கு இங்க பெருக்கு. தண்ணி தாழம்புதர் மட்டும் வந்து நிக்கும். நான் கருவாட்டுப் பாயை மேல இழுத்துப்போடுற நேரம் அது. அந்தத் துண்டு மணலில பதினாலு பேரை விட்டுப்போட்டு, முந்தேல்ல, முந்தேல்ல எண்டு கூட்டம் போடுறியள். நாலு மணிக்கு வத்து. தண்ணி இறங்கின மணல் றோட்டு மாதிரி இறுகிக் கிடக்கும். நாலு பேர் பக்கத்தில பக்கத்தில ஓடலாம்."

 நாங்கள் எல்லோரும் கடற்கரையில் வளர்ந்தவர்கள். நானாவின் வாப்பா வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி. விதிகளை மாற்றினோம், வரிசையை மாற்றினோம், புள்ளிகளைக் கூட்டினோம். போயா நாளில் பத்து மணிக்குக் கடல் எங்கே நிற்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மூன்று வருடமாக எங்கள் பந்தயத்தைத் தீர்மானித்தது பிரதம விருந்தினரின் பசி.

"அவருக்குப் பின்னேரத் தேத்தண்ணி குடுப்பம்" என்றார் நானா கடைசியில். நான் கூட்டக் குறிப்பில் அதை எழுதினேன். நான் எழுதியவற்றில் ஆகச் சிறந்த வசனம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நாலு மணி என்று கேள்விப்பட்டதும் கஜீபன் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்துக் கடற்கரைக்குப் போய் மணலை மிதித்துப் பார்த்திருக்கிறான். பிறகு எனக்கு அழைப்பு எடுத்தான்.

"விழமாட்டாள் அண்ணை. இந்தமுறை கை காட்டமாட்டன். உண்மையா ஓடுறன் எண்டு அவளிட்டச் சொல்லுங்கோ."

சொன்னேன்.  ஜெனிஸ்ரா கடைக்குள் போய் ஒரு பெட்டியை எடுத்து, அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். "சரி அண்ணை" என்றாள்.  அவளுக்குப் பயம் வந்திருந்தது. சைட் வாங்காமல் ஓடித் தோற்றால், அது உண்மையான தோல்வி.

7

இதை எழுதும்போது போயாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஆகவே கீழே வருவதெல்லாம் கற்பனை.

மணி நாலு. கடல் இறங்கியிருக்கிறது. கரை முழுவதும் ஈர மணல். பின்னால் வருகிறவர்கள் மாறி மாறி முந்துகிறார்கள், எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐஸ்கிறீம் வானில் இருந்தவர்கூட இறங்கி வந்துவிட்டார். முதல் இருவர் மட்டும் மாறவில்லை. கடைசிச் சுற்று, தாழம்புதர் வளைவு. ஜெனிஸ்ரா கடல் பக்கமாக வெளியே எடுக்கிறாள். அவளுடைய முன்சில்லு கஜீபனின் பின்சில்லுக்கு நேரே

(அ) முந்தினாள். வெடி, கண்ணீர், கொழும்பு. அவள் வெல்லவேண்டும் என்று எனக்கு ஆசை, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு ஒரு வினாடி போதும். ஆனால் நான் எழுதிக் கொடுத்தால் அதுவும் சைட்தானே.

(ஆ) முந்தவில்லை. சோகம் சேரும், இலக்கியத் தரம் கூடும், யாராவது விமர்சகர் ஒரு வரி எழுதுவார். அதற்காக ஒரு பெண்ணின் ஒரு வருடத்தை எடுக்க மனம் வரவில்லை.

(இ) இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். இது செயற்குழுவின் முடிவு. நஸார் நானாவுக்குப் பிடிக்கும்.

மூன்றையும் வெட்டினேன். முடிவை உங்களிடமே விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். ஆனால் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள், உங்களுக்கும் அவள்மேல் பிரியம் வந்திருக்கும். நீங்களும் அவளுக்கே கொடுத்துவிடுவீர்கள். கொடுத்தால் அவள் பிரேக் பிடிப்பாள்.

வளைவு முடிய இன்னும் அறுபது மீற்றர் இருக்கிறது. மணல் இறுகியிருக்கிறது. கஜீபனின் இரண்டு கைகளும் பிடியில்தான் இருக்கின்றன. என் கையையும் எடுத்துவிட்டேன், உங்கள் கையையும் எடுத்துவிடுங்கள். அவள் ஓட்டட்டும்.