பெட்ரோல் மணக்கும் பூ

கார்மேகத்தின் மூக்கைப் பற்றி அந்த டீசல் யார்டில் எல்லோருக்கும் தெரியும். தோஹா தொழிற்பேட்டையின் கடைசித் தெருக்களில் ஒன்றில் இருந்த யார்டு அது. டேங்கர் உள்ளே வந்ததும் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் டீசல் பிடித்து, ஒரு தரம் குலுக்கி, முகர்ந்து பார்ப்பான். "மண்ணெண்ணெய் கலந்திருக்கு" என்று அவன் சொல்லிவிட்டால், சூப்பர்வைசர் லேபுக்குக்கூட அனுப்பாமல் லாரியைத் திருப்பிவிடுவார். பதினோரு வருடத்தில் இரண்டு முறைதான் தவறியிருக்கிறான். இரண்டு முறையும் அவனுக்கு ஜலதோஷம்.

தொழிலாளர் கேம்பில் அவனுடைய ரூமில் கீழ்க் கட்டிலில் இருந்தவன் வீரபாண்டி. சொந்தமில்லை. பரமக்குடிப் பக்கம் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள், ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள். அன்றிலிருந்து மச்சான், மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சைட்டில் சாரம் சரிந்து வீரபாண்டி இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். எலும்பு எதுவும் முறியவில்லை, முதுகுத்தண்டில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றார்கள். கம்பெனி அவனை ஸ்டோரில் உட்கார்ந்து கேட் பாஸ் எழுதும் வேலைக்கு மாற்றியது. "அன்ஃபிட்" என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் அடுத்த நாளே டிக்கெட் கையில் வந்துவிடும் என்பதால், வலிக்கிறது என்று அவன் யாரிடமும் சொல்வதில்லை. காலையில் எழுவதற்கு முன் மேல்கட்டிலின் இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பல்லைக் கடிப்பான். மேலே படுத்திருக்கும் கார்மேகத்துக்குக் கட்டில் நடுங்குவது தெரியும்.

கேம்பில் யாரோ கொடுத்த கஞ்சா பீடியில் தொடங்கியது. வலி அடங்குகிறது என்று வீரபாண்டி கண்டுகொண்டான். கார்மேகத்துக்குப் பிடிக்கவில்லை. பிடிபட்டால் ஜெயில் என்று திட்டிப் பார்த்தான், நாள்கணக்கில் பேசாமலும் இருந்து பார்த்தான். பிறகு அந்த இரும்புச் சட்டம் நடுங்காத காலைகள் வந்தபோது திட்டுவதை விட்டுவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கார்மேகம் குளித்துவிட்டு வந்தபோது, வீரபாண்டி கட்டிலுக்குக் கீழே பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். இருமும்போது எச்சிலில் ரத்தம் கோடாக வந்தது. தரையில் பாதி எரிந்த சுருட்டு. கார்மேகம் அதை எடுத்து முகர்ந்தான்.

"இத எங்கிட்டு வாங்குன?"

"பத்மநாபன்கிட்டதான். டயர் கடைக்காரன். பெட்ரோல் கணக்கா அடிச்சாத்தான் நல்ல சரக்கு, மோந்து பாத்து எடுத்துக்கம்பான். இது குப்புன்னு அடிச்சுச்சு மச்சான். அதான் எடுத்தேன்."

"பெட்ரோல் கணக்கா இல்ல மாப்ள. இது டீசலேதான். நம்ம ஜெனரேட்டருக்கு ஊத்துற டீசலு. காஞ்ச சருகுல தெளிச்சு உன் தலையில கட்டியிருக்காய்ங்க."

வீரபாண்டி நம்பவில்லை. தைல டப்பா ஒன்றைத் திறந்து, முந்திய மாதத்து மிச்சத்தைக் காட்டினான். கார்மேகம் அதுவரை அந்தப் பொருளைத் தொட்டதில்லை. சுண்டுவிரல் நுனி அளவு பச்சை மொக்கு ஒன்றை எடுத்து விரலிடையில் நசுக்கினான். முதலில் வைக்கோல் வாடைதான். நசுக்க நசுக்க உள்ளேயிருந்து வேறொன்று கிளம்பியது: பங்க்கில் பெட்ரோல் வண்டிக்குள் இறங்கும்போது மேலே எழும் ஆவி, அதன் அடியில் எலுமிச்சைத் தோல், அதற்கும் அடியில் பெருங்காயம் போல மூக்கின் அடியைப் பிடிக்கும் ஒரு காரம். விரலில் பிசினாக ஒட்டியது. சுருட்டில் இருந்த டீசல் நாற்றமோ மேலோடு நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"இது பூவோட வாசனை. அது ஊத்துன வாசனை" என்றான். பிறகு போய் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

"ஆஸ்பத்திரிக்கு வா" என்று இழுத்தும் வீரபாண்டி வரவில்லை. "ரத்தம் எடுப்பாய்ங்க. ரத்தத்துல இது இருக்கும். நேரா போலீஸுதான். நீ ஒரே ஒரு வாட்டி எங்கூட வந்து மோந்து மட்டும் பாரு மச்சான். தொட வேணாம். இன்னொரு தடவ இப்பிடிக் குடிச்சா செத்துருவேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை கார்மேகம் போனான்.

டயர் கடைக்குப் பின்னால், பழைய டயர்கள் உத்தரம் வரை அடுக்கிய ஒரு சின்ன அறை. பத்மநாபன் நாகர்கோவில் பக்கத்துக்காரன். வெள்ளைச் சட்டையில், ஒரு மேனேஜரைப் போல மெதுவாகப் பேசுவான். மூன்று பொட்டலங்களைப் பால்பவுடர் டின்னிலிருந்து எடுத்து வைத்தான். முதலாவதைத் திறக்கும்போதே டீசல் அடித்தது. கார்மேகம் தள்ளிவைத்தான். இரண்டாவது நல்ல பூவாக இருந்திருக்கலாம். ஆனால் ஈரத்தோடு கட்டிவைத்ததில் கோணிச் சாக்கின் பூஞ்சை வாடை ஏறியிருந்தது. மூன்றாவதை நசுக்கியதும் அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கண்ணில் நீர் வந்தது.

"இது" என்றான்.

பத்மநாபன் மற்ற இரண்டையும் டின்னுக்குள் போட்டு மூடினான். "முதல் பொட்டலம் எனக்கு வந்ததே அப்படித்தான் அண்ணாச்சி. என்னையே ஏமாத்தியிருக்கானுவ. நீங்க வாரா வாரம் வந்து ஒரு தடவை மோந்து சொல்லிட்டுப் போங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"நான் அந்த மாதிரி ஆளு இல்ல."

"சரி. அப்போ வீரபாண்டிக்கும் இங்க இனிமே ஒண்ணும் கிடையாது." அதையும் மெதுவாகவே சொன்னான்.

கார்மேகம் வாரா வாரம் போனான். தொழுகை முடிந்து தெரு ஓய்ந்திருக்கும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த டயர் அறையில் உட்கார்ந்து, டீசல் புட்டியை முகர்வதுபோலவே ஒவ்வொன்றாக முகர்ந்தான். வாடை ஒட்டியிருக்கும் என்று, போகும்போது காக்கிச் சட்டையும் வரும்போது வேறு சட்டையும். எதிரே போலீஸ் வண்டி வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவான். ஆனாலும் இன்னொன்றும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்ததில் அவனுக்குப் பெருமை இருந்தது. அவன் எடுத்துக் கொடுத்த பூவால் வீரபாண்டி நிமிர்ந்து நடந்தான். மெஸ்ஸுக்குத் தானே போய்த் தட்டு வாங்கினான். சீட்டு விளையாடினான். ஊரில் இருக்கும் மனைவி அகிலாவோடு வீடியோவில் பேசும்போது சத்தமாகச் சிரித்தான். கட்டில் நடுங்கவே இல்லை.

கேம்ப் பஸ் ஓட்டும் கௌஸ் முகைதீன்தான் முதலில் கவனித்தார். கீழக்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வீரபாண்டி பஸ்ஸில் ஏறும்போது இடது கால் செருப்பு கழன்று படியிலேயே கிடந்தது. அவன் அது தெரியாமலே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான்.

"கார்மேகம், அந்தத் தம்பிக்குக் காலு இழுக்குதுப்பா. செருப்புப் போனது தெரியலன்னா அது சரியில்ல. ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போ. நான் வேணா வண்டியில விடுறேன்."

அன்று மாலையே கார்மேகம் அவனிடம் கேட்டான். "கொஞ்சம் மரத்துப்போகுது, அம்புட்டுத்தான்" என்றான் வீரபாண்டி. "வலிதான் இல்லையே மச்சான். வலிச்சாத்தான பயப்படணும்."

அந்தப் பேச்சைக் கார்மேகம் ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொள்ள வசதியாகவும் இருந்தது.

ஆறு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது வீரபாண்டி எழவில்லை. முழித்துத்தான் இருந்தான். படுக்கை நனைந்திருந்தது. "மச்சான், காலு ரெண்டும் எங்கிட்டு இருக்குன்னே தெரியல" என்றான். குரலில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. கௌஸ் முகைதீன் ஆட்களை இறக்கிவிட்டு பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் நீளப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் பேசினார். ஜவ்வு முழுக்கப் பிதுங்கி நரம்புகளை நசுக்கிவிட்டது. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் போன உணர்வு திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

"இரண்டு மூன்று மாதமாகவே இவனுக்கு வலி தாங்க முடியாமல் போயிருக்க வேண்டுமே" என்றார் டாக்டர். "அப்போதே வந்திருந்தால் நடக்க வைத்திருப்போம். ஏன் கொண்டுவரவில்லை?"

கார்மேகம் "மாலூம் நஹி சாப்" என்றான், தெரியாது என்று. அதற்குள் நர்ஸ் ரத்தம் எடுத்துவிட்டாள்.

மதியம் அவன் கேம்புக்கு வந்தபோது ரூமில் யாரும் இல்லை. வரும் வழியில் டயர் கடையைப் பார்த்தான். ஷட்டர் இறங்கியிருந்தது, போர்டையும் காணோம். பத்மநாபனுக்கு எப்படியோ செய்தி போயிருக்கிறது. வீரபாண்டியின் தலையணைக்குள் தைல டப்பா இருந்தது. போன வெள்ளிக்கிழமை எடுத்தது, இதுவரை எடுத்ததிலேயே நல்லது. கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிட வேலை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆபரேஷன் முடிந்து மாப்ள இந்தக் கட்டிலுக்குத் திரும்பி வந்து வலியில் கதறினால், இனி எங்கே போவது என்று யோசித்தான். அவன் இந்தக் கட்டிலுக்குத் திரும்பப் போவதில்லை என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. டப்பாவைத் தன் பெட்டிக்குள் சட்டைகளுக்கு அடியில் வைத்தான்.

நாலு மணிக்குச் சிஐடி ஆட்கள் வந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் வாசனையே காட்டிக்கொடுத்தது.

"யாருடையது?"

"என்னோடது சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அதே நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வீரபாண்டி எல்லாமே தன்னுடையது, கார்மேகத்துக்கு ஒன்றும் தெரியாது என்று வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய ரத்தத்தில் கஞ்சா இருந்தது, கார்மேகத்தின் ரத்தத்தில் இல்லை. குடிக்காதவன் பெட்டியில் சரக்கு இருந்தால் அவன் விற்கிறவன் என்று எடுத்துக்கொண்டார்கள். கார்மேகம் பத்மநாபனின் பெயரைச் சொன்னான். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அங்கே டயர்தான் இருக்கிறது என்றார்கள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பை இரண்டே வரியில் சொன்னார். கார்மேகத்துக்கு ஏழு வருடம், பிறகு நாடு கடத்தல். வீரபாண்டியைத் தண்டனை இல்லாமல் ஸ்ட்ரெச்சரில் ஊருக்கு அனுப்பினார்கள். கம்பெனி தாளில் அன்ஃபிட் என்று எழுதியது.

ஜெயிலில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போன் பேசலாம், பெயர் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும். ஐந்தாவது மாதம் அகிலாவின் நம்பருக்குப் போட்டான்.

"அண்ணே, நல்லாருக்கீகளா?" என்றாள். அதற்கு அவன் என்ன சொன்னான் என்று பிறகு அவனுக்கு நினைவில்லை.

"மாப்ள எப்பிடி இருக்கான்? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லண்ணே. இடுப்புக்குக் கீழ தீயை வச்சாலும் தெரியாது. போன வாரம் வெந்நீர்ப்பை பட்டுக் காலு வெந்துபோச்சு. வாடை வந்த பொறவுதான் எனக்கே தெரிஞ்சுச்சு. உங்க மேல கேஸு போட்டாய்ங்கன்னு சொன்னதுலருந்து அவரு யாருகூடவும் பேசுறதில்ல. நீங்க கூப்புடுறீகன்னு சொன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

"சரிம்மா. விடு."

"ஒண்ணு மட்டும் கேக்கணும்ணே. அங்கன இருக்கையில நல்லாத்தான நடந்துக்கிட்டு இருந்தாரு? வீடியோவுல சிரிச்சாரே. போன வருசத்தவிட இப்ப நல்லாருக்காருன்னு நான் சாமிக்கு மாவிளக்குக்கூட போட்டேன். எப்பிடிண்ணே திடீர்னு இப்பிடி ஆகும்? நீங்க கூடவே இருந்தீகளே. உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

பின்னால் நின்றவன் "யல்லா, யல்லா" என்று தோளைத் தட்டினான். நேரம் இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"தெரியலம்மா" என்றான் கார்மேகம்.

"சரிண்ணே. உடம்பப் பாத்துக்கங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

ரிசீவரை அதன் இடத்தில் மாட்டிவிட்டு வரிசையிலிருந்து விலகி நடந்தான். பதினைந்து நாள் கழித்து, போன் பட்டியலோடு வார்டர் வந்தபோது தன் பெயரைக் கொடுக்கவில்லை. அதற்கடுத்த முறையும் கொடுக்கவில்லை. பிறகு அவனிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.