வாய்விட்டுச் சொல்லும் ஓட்டு

அமெரிக்காவின் கென்டக்கியில் அப்போது, 1832-ல், ஓட்டு என்றால் வாயால் சொல்வதுதான். கோர்ட்டு வாசலில் ஷெரீப் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பேரைக் கூப்பிட்டதும், கூடியிருக்கிற கூட்டம் முழுக்கக் கேட்கும்படி யாருக்கு என்று சொல்ல வேண்டும். எந்தக் கட்சிக்குச் சொன்னானோ அந்தக் கட்சிக்காரர் எழுந்து கையைப் பிடித்து நன்றி சொல்வார். எதிர்க்கட்சிக்காரர் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார்.

இந்த வருஷம் ஹைரம் டாக்கெட்டுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

ஹைரமும் அவன் மனைவி டாபிதாவின் அண்ணன் லெமும் வார்ட்லோ இரும்பு உலையில் ஜோடி. கரியையும் இரும்புக் கல்லையும் வண்டியில் வைத்து, உலையின் உச்சிக்குப் போகும் பாலத்து வழியே தள்ளிப்போய் அதன் வாயில் கொட்டுகிற வேலை. ஒருவன் இடறினால் இரண்டு பேரும் உள்ளே. ஒருத்தன் மூச்சு இன்னொருத்தனுக்குப் புரிந்தால்தான் ஓடும் வேலை அது.

அந்த ஜூலையில் ஜனாதிபதி ஜாக்சன் நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த பெரிய பேங்கின் உரிமையைப் புதுப்பிக்க மாட்டேன் என்று மசோதாவைத் திருப்பி அனுப்பியிருந்தார். அது பணக்காரர்களுக்குப் போடுகிற படையல் என்பது அவர் வாதம். உலையில் முக்கால்வாசிப் பேர் தொப்பியை வானத்தில் எறிந்தார்கள். லெம் எறிந்த தொப்பி கரிக்குழியில் விழுந்து எரிந்தே போயிற்று. அவன் கவலைப்படவில்லை. பதின்மூன்று வருஷத்துக்கு முந்தி, ஊரெல்லாம் நொடித்த காலத்தில், அந்தப் பேங்க் ஒரே மூச்சில் கடனைக் கேட்டு அவன் அப்பாவின் நிலத்தை ஏலம் விட்டது. அப்பா கூலிக்கு அடுத்தவன் சோளத்தை அறுத்தே செத்தார்.

ஹைரம் பட்டது வேறு. ஒரு குளிர்காலம் முழுக்க உப்புக் காய்ச்சியதற்கு ஏதோ ஒரு மலைநாட்டு பேங்க் தன் பேரில் அடித்த நோட்டுத் தாளைக் கூலியாகக் கொடுத்தார்கள். சந்தைக்குப் போவதற்குள் அந்த பேங்க் திவாலாகி அதன் கதவில் பலகை அடித்தாயிற்று. டாபிதா அந்தத் தாள்களைக் களிமண்ணில் குழைத்துச் சுவர் இடுக்கை அடைத்தாள். அடுத்த வருஷம் மரம் விற்று வாங்கிய பெரிய பேங்க் தாளை பக்கத்து மாநிலமான ஒஹையோவில் ஒரு கோவேறு கழுதைக்கு விலையாக நீட்டினான். கோவேறு கழுதைக்காரன் ஒரு தரம் பார்த்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். மறுபேச்சு இல்லை.

ஆக, ஜாக்சனை எதிர்த்து நின்று, பேங்க் இருக்கட்டும் என்று சொல்கிற கிளேக்குத்தான் அவன் ஓட்டு. அதில் சிக்கல் என்னவென்றால், முதலாளி வார்ட்லோவும் கிளே ஆள். ஞாயிற்றுக்கிழமை உலையடியில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்.

"ஜாக்சன் ஜெயிச்சா பேங்க் போச்சு. பேங்க் போனா எனக்குக் கடன் கிடையாது. கடன் இல்லன்னா உலை அணையும். அப்புறம் ஜாக்சன் வீட்டு வாசல்ல போய் நில்லுங்க, அவர் சோறு போடுவார்."

அன்று முதல் உலையில் கிளே பேரைச் சொன்னவனெல்லாம் விலைபோனவன் என்றாயிற்று.

"கோர்ட்டு வரைக்கும் போய்ட்டுப் பேசாம திரும்பி வந்துடு," என்றாள் டாபிதா. "ஓட்டுப் போடலன்னு யாரும் தூக்குல போட மாட்டான்."

"எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்டி."

"அண்ணன் உன்கூடப் பேச மாட்டான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும்."

செவ்வாய்க்கிழமை முதலாளியின் வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிற்று. ஓட்டியவன் பிரைமஸ். ஒரு விதவையிடமிருந்து வருஷ வாடகைக்கு எடுத்த அடிமை. அவன் அபிப்பிராயத்தை எந்த மேசையும் கேட்கப் போவதில்லை.

லெம் பேரை முதலில் கூப்பிட்டார்கள்.

"ஜாக்சன்! காது கேக்காதவனுக்கும் சேர்த்துச் சொல்றேன், ஜாக்சன்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. மேசைக்குப் பக்கத்தில் நின்ற வார்ட்லோ மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடினார்.

அடுத்தது ஹைரம். உழைப்பாளி முகங்கள் எல்லாம் அவனையே பார்த்தன. லெம் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். சொல்லு மாப்ளே என்பது போல.

"கிளே," என்றான் ஹைரம்.

வார்ட்லோ முன்னால் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல பையன். வண்டியில முன்னாடி உக்காந்துக்க. விஸ்கி இருக்கு." மெத்தென்று இருந்த அந்தக் கை விடவே இல்லை. கூட்டத்தில் யாரோ நாய் மாதிரி ஊளையிட்டான்.

திரும்பும்போது கிளே என்று சொன்னவனுக்குத்தான் வண்டியில் இடம். மற்றவர்கள் நடக்க வேண்டியது. ஹைரம் ஏறினான். பத்தடி போனதும் குதித்து இறங்கிவிட்டான். சேறு கணுக்கால் வரை ஏறியது. முன்னால் போய்க்கொண்டிருந்த லெமை எட்டிப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.

"வண்டி இருக்கு, விஸ்கி இருக்கு," என்றான் லெம், திரும்பாமல். "எனக்குப் பின்னால எதுக்கு வர்ற?"

"என் வழியும் இதுதான்."

"எவ்வளவு குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல."

"சும்மாவே வாங்கிட்டானா? அது இன்னும் கேவலம்."

"மச்சான், நில்லு. சின்ன பேங்க்காரன் இஷ்டத்துக்குத் தாள் அடிக்கறான். பெரிய பேங்க்தான் அந்தத் தாளைச் சேர்த்துக் கொண்டுபோய் வெள்ளிக் காசு குடுடான்னு அவன் கழுத்தைப் பிடிக்குது. அதைக் கொன்னா அவனுங்களைப் பிடிக்க யாரு? கூலி வாங்கறது நீயும் நானும்தானே?"

லெம் நின்றான். "எங்கப்பன் கழுத்தையும் அதே கைதான் பிடிச்சுது."

"ஆமா," என்றான் ஹைரம்.

"வார்ட்லோ ஜாக்சன் ஆளா இருந்து, ஜாக்சனுக்குப் போடலன்னா உலையை மூடுவேன்னு மிரட்டியிருந்தா? அப்ப என்ன சொல்லியிருப்ப?"

"கிளேன்னுதான்."

"வேலை போயிருக்கும்."

"போயிருக்கும்."

லெம் அவன் முகத்தையும், சேறு அப்பிய பூட்ஸையும், வளைவில் மறைந்துகொண்டிருந்த வண்டியையும் பார்த்தான். துப்பினான்.

"அப்ப நீ விலைபோனவன் இல்ல. வெறும் மடையன்."

"இருக்கட்டும்."

"நாளைக்கு எல்லாரும் உன்னைப் பார்த்து ஊளையிடுவானுங்க. நானும் ஊளையிடுவேன், சொல்லிட்டேன்."

"பாலத்து மேலயா?"

"பாலத்து மேல மாட்டேன்," என்றான் லெம். "அங்க கரி வண்டியை ரெண்டு பேரும் சேர்ந்து பிடிக்கணும்ல."

இருவரும் சேற்றில் நடந்தார்கள்.