ஓடை வளைவில் ஒன்பது கொடிகள்

கக்கத்தில் நீளக் குழாய் ஒன்றை இடுக்கிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து சர்வேயர் நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டார். வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை. பெட்டிக்குள் அப்பா படுத்திருப்பதைக் கண்டதும் அவசரமாகப் பின்வாங்கினார். குழாய் கதவில் இடித்தது.

அவள் எழுந்து வெளியே போனாள்.

"மேடம், இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கையெழுத்துன்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்கு யாரும் சொல்லலையே..."

"நேத்து மத்தியானம் போயிட்டார் சார்."

சொல்லும்போதே அவர் மேல் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? நாள் குறித்தது அவள்.

நிலப் பாதுகாப்பு அறக்கட்டளையில் அவளுக்கு வேலை. ஓடைக்கரையில் நிலம் வைத்திருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, தண்ணீரிலிருந்து நூறு அடிக்குள் எதுவும் கட்டுவதில்லை, மரம் வெட்டுவதில்லை என்று எழுதி வாங்க வேண்டும். நிலம் அவர்களுடையதுதான். ஆனால் நாளைக்கு யார் கைக்குப் போனாலும் அந்த வாக்கும் கூடவே போகும். ஓடை வளைவுக்கு மேலே பதினொரு பேர், கீழே ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வளைவு மட்டும் பாக்கி. அது அப்பாவின் நிலம். எட்டு வருடமாக அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஊரையெல்லாம் வளைத்தவளுக்கு வீட்டில் ஒருத்தரை வளைக்க முடியவில்லை என்று ஆபீசில் சிரித்தார்கள்.

போன வாரம் அவராகவே கூப்பிட்டார். "ஏ ஓடை இன்ஸ்பெக்டர், அந்தப் பேப்பரை எடுத்துட்டு வா. போட்டுத் தொலைக்கிறேன்."

அவள் எடுத்துப் போகவில்லை. மழையில் ஓடை கரையை அரித்து இடம் மாறியிருந்தது. பழைய வரைபடத்தின் மேல் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை ஆபீசில் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"திரும்ப அளந்துட்டு திங்கக்கிழமை போடலாம்பா."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

தம்பி வெளியே வந்து குழாயைப் பார்த்தான். "என்னக்கா இது?"

"வளைவோட மேப்."

"இன்னைக்குமா? அவரைக் கொண்டு போற வரைக்கும் கூட உனக்குப் பொறுக்கலையா?" குரலைத் தாழ்த்தினான். "கையெழுத்து இல்லாத பேப்பர் பேப்பரே இல்ல. இனிமே நாம ரெண்டு பேரும் போட்டாத்தான் உண்டு. நான் போட மாட்டேன். அங்க தண்ணியைப் பார்த்த மாதிரி பத்து ரூம் கட்டி லாட்ஜ் நடத்தப் போறேன். அப்பாகிட்டயே சொல்லிட்டேன்."

சர்வேயர் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை அளக்கும்போது அவரும் கூட வந்தார் மேடம்."

"அவரால வாசல் வரைக்கும் நடக்க முடியாதே!"

"கம்பை ஊனிக்கிட்டு வந்தார். கம்பால குத்திக் காட்டுவார், பக்கத்துலயே நான் கொடி நடுவேன். ஒன்பது கொடி. நூறடிதான் கணக்குன்னேன். 'ஓடை ஒரு எடத்துல நிக்கிற ஆளா? இன்னும் நாப்பதடி தள்ளிப் போடுய்யா'ன்னார்."

அவள் வரைபடத்தை விரித்தாள். சிவப்புக் கோடு நூற்று நாற்பதில் வளைந்து போனது. கீழே பெயர் அச்சடித்த இடத்துக்கு மேல் வெறும் புள்ளிகள். எட்டு வருடம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் கேட்டதற்கு மேல் கொடுத்துவிட்டுப் போகிற மனுஷனை என்ன செய்வது? அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவர் மேல், ஓடை மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல்.

தம்பி தெருப் பக்கம் திரும்பினான். "வண்டி வந்துடுச்சு," என்று உள்ளே போனான்.

மறுநாள் காலை அவள் வளைவுக்குப் போனபோது அவன் அங்கே நின்றிருந்தான். கையில் ஒரு சிவப்புக் கொடி, கம்பி வளைந்திருந்தது.

"பிடுங்க ஆரம்பிச்சிட்டியா?"

"மாடு மிதிச்சிருக்கு. இது எங்க இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? சர்வேயரைக் கூப்பிட்டுத் திரும்ப அளக்கணும்."

"ஆமா, நீ அளந்து முடிக்கிறதுக்குள்ள..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவன் பக்கத்துக் கொடியின் அடியில் குனிந்து பார்த்தான். காய்ந்த சேற்றில் கம்பு குத்திய வட்டக் குழி. அடுத்த கொடியருகிலும் அப்படியே ஒன்று. இழுத்து இழுத்து நடந்த செருப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனான். கொடியில்லாத குழி ஒன்றைக் கண்டதும் உட்கார்ந்தான். கம்பியை முழங்காலில் வைத்து நிமிர்த்தி அந்தக் குழிக்குள்ளேயே இறக்கினான். ஆடியது. விரலால் மண்ணைத் திணித்து அழுத்தினான்.

"சரியா இருக்கா?" அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான். "ஒரு அடி முன்ன பின்ன இருக்கும்."

அவள் மற்ற எட்டுக் கொடிகளையும் ஒருமுறை பார்த்தாள்.

"இருக்கட்டும்," என்றாள்.